திருகோணமலையில பழைய ஹொண்டா ஒண்ட வீட்டுலயே கஸ்டம் பைக்கா கட்டுறது எப்பிடி: முழு வழிகாட்டி

கனபேர் கிரைண்டர கையில எடுத்ததுக்குப் பிறகுதான் எப்பிடிச் செய்யிறது எண்டு தேடத் தொடங்குறாங்க, அதால முதலே சொல்லிடுறன்: பைக்க வெட்டுறதுக்கு முன்னம் அது ஸ்டாக்கா, அதாவது கம்பனியில இருந்து வந்த மாதிரியே, ஓடோணும். ஓடாத பைக்க வெட்டி, பெயின்ட் அடிச்சு, வடிவா பூட்டினதுக்குப் பிறகு எஞ்சின்ல தட்டுற சத்தம் வந்தா அந்தப் புதுப் பெயின்டோடயே திரும்ப எல்லாத்தயும் கழட்டோணும், அதோட மனசு விட்டுடும், காசும் முடிஞ்சிடும். ஊருல பாதியில நிண்டுபோன கஸ்டம் பைக்குகள விசாரிச்சுப் பாருங்க, முக்கால்வாசி இந்தக் காரணம்தான். சரியான ஒழுங்கு இது: ஓட வைக்கிறது, பெயின்ட் இல்லாம முழு பைக்கயும் பொருத்திப் பாக்கிறது, பிறகு கழட்டி எஞ்சின் வேலை, பிறகு கறள், பெயின்ட், வயரிங், கடைசியா பூட்டுறது. பெயின்ட் எப்பவும் பின்னுக்குத்தான்.

ரெண்டாவது விசயம் எங்கட ஊருக்கே உரியது. டவுனுக்கு ஒரு பக்கம் டச் பே, ஒரு பக்கம் பேக் பே, உள்ளுக்குள்ள துறைமுகம், எங்க திரும்பினாலும் உப்புக்காத்து. கண்டியிலயோ கொழும்பிலயோ இருக்கிறவர் சொல்ற முறைய அப்பிடியே இங்க செஞ்சா ஒரு மாரி தாண்டாது. அதால இந்த வழிகாட்டியில கறளுக்கு மற்ற இடங்கள விடக் கூட இடம் குடுத்திருக்கிறன்.

எந்த பைக்க எடுக்கிறது

எங்கட பக்கம் பழசுல தேடினா ஹொண்டா சிடி 125, சிடி 200, சிஜி 125, எம்டி 90 இதுகள்தான் கண்ணுல படும். சிடி 200 ரெட்டைச் சிலிண்டர், 194 சிசி, சத்தமும் ஓட்டமும் அருமை, ஆனா ரெண்டு பிஸ்டன், ரெண்டு செட் ரிங், செலவும் அதுக்கேத்த மாதிரி. எம்டி 90 யப்பான் தபால்காரருக்காகச் செஞ்ச பைக், அத அப்பிடியே துடைச்சு வச்சிருக்கிறதுதான் அதுக்கு மரியாதை, வெட்டாதீங்க. முதல் தடவை கட்டுறவங்களுக்கு நான் மனசார சொல்றது சிஜி 125.

ஏன் எண்டா அந்த எஞ்சின் எங்கள மாதிரி ஆக்களுக்காகவே செஞ்சது. 70கள்ல ஹொண்டாக்காரர் ஆசிய நாடுகள்ல பைக்க எப்பிடிப் பாவிக்கிறாங்க எண்டு பாத்தாங்க, ஒயில் மாத்தாம, அளவுக்கு மீறிப் பாரம் ஏத்தி, புழுதிக்குள்ள ஓடுறாங்க. வால்வ திறக்கிற கேம் மேல ஹெட்டுல இருக்கிற எஞ்சினுக்கு ஒயில் கெட்டா முதல்ல தேயிறது அந்த கேம்தான். அதால இந்த எஞ்சினுக்கு கேம கீழ வச்சு, புஷ்ராட்டால வால்வ திறக்கிற பழைய முறைக்கே வந்தாங்க. கேம் செயின் இல்ல, டென்சனர் இல்ல, அதுகள் அடிக்கிற சத்தமும் இல்ல. போர் (சிலிண்டர் விட்டம்) 56.5 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கிற தூரம்) 49.5 மிமீ, 124 சிசி. பாகிஸ்தான்ல இந்த சிஜி 125 பைக் வருசக்கணக்கா தயாரிப்புல இருக்கு, சீனாவுல கொப்பி அடிச்ச கம்பனிகளுக்குக் கணக்கே இல்ல, அதால பிஸ்டன், ரிங், கிளச் பிளேட், கேஸ்கட் எல்லாம் கொழும்புல ஸ்பெயார் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஒரு கோல் அடிச்சா பஸ்ஸுல வந்து சேரும். ஆனா சீனா சாமானுக்கும் ஒரிஜினலுக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கு, எப்பவும் பழைய பாகத்த பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்பிட்டு வாங்குங்க.

2020 மார்ச்சுல வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுக்குப் பிறகு பழைய பைக் விலையெல்லாம் ஏறினது ஏறினதுதான், 2025ல திரும்பத் திறந்தும் நல்ல பழசுக்கு ஆக்கள் கேக்கிற விலை பெருசா இறங்கேல்ல. அதால வாங்கப் போகேக்க அவசரப்படாம இதுகளப் பாருங்க.

முதல்ல புக், அதாவது வாகனப் பதிவுப் புத்தகம். புக்குல இருக்கிற எஞ்சின் நம்பரும் சேசி நம்பரும் பைக்குல இருக்கிறதும் ஒண்டா எண்டு டோர்ச் அடிச்சு, வயர் பிரஷ் போட்டு, ஒரு எழுத்து விடாம பாருங்க. சேசி நம்பர் கறள்ல அழிஞ்சு வாசிக்க ஏலாம இருந்தா எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுட்டு வாங்க. விக்கிறவர் பேருலயே புக் இருக்கோணும், இல்லாட்டி இடையில கைமாறின எல்லாரும் ஒப்பம் வச்ச மாற்றப் பேப்பர் இருக்கோணும். புக் இல்லாத பைக்க "ஸ்பெயாருக்கு" எண்டு மட்டும் வாங்கலாம், ரோட்டுல ஓட இல்ல.

பிறகு ஃபிரேம். ஹாண்டில் தலை வெல்டிங் இருக்கிற இடம், பெட்டரி வைக்கிற தட்டுக்குக் கீழ, பின் சில்லப் பிடிக்கிற சுவிங் ஆர்ம் பூட்டுற இடம், இந்த மூண்டும்தான் முக்கியம். ஸ்குரூ டிரைவர் பிடியால தட்டிப் பாருங்க, நல்ல இரும்பு கணீர் எண்டும், உக்கினது மொட்டைச் சத்தம் தரும். கடற்கரை வீட்டுக்கார பைக்கெண்டா பெட்டரித் தட்டுப் பக்கம் அசிட்டும் உப்பும் சேந்து தின்டிருக்கும்.

எஞ்சின்ல கிக்கர கையால மெதுவா அமத்திப் பாருங்க, ஒரு இடத்துல இறுக்கமா நிண்டு பிறகு விடோணும், அதுதான் கம்ப்ரசன். ஸ்டார்ட் பண்ணினா சைலன்சர்ல நீலப் புகை எண்டா ஒயில் எரியுது, ரிங் அல்லது வால்வ் சீல். கறுப்புப் புகை எண்டா பெற்றோல் கூட, அது கார்பரேட்டர், பயப்பிடத் தேவையில்ல. ஆக்சிலேட்டர் குடுக்கக் குடுக்க எஞ்சினுக்குக் கீழ இருந்து டொக் டொக் எண்டு ஆழமா அடிச்சா கனெக்டிங் ராட் பெரிங் போயிட்டு, அதுக்கு கிராங்க பிரிச்சு பிரஸ் அடிக்கோணும், விலையில அத கழிச்சுக் கேளுங்க.

சாவியும் சாமானும்

யப்பான் பைக்குல இருக்கிற நாலுமூலை ஸ்குரூவ பாத்தா சாதாரண ஸ்டார் ஸ்குரூ மாதிரி இருக்கும், ஆனா அது ஜேஐஎஸ் எண்ட அளவு. கடையில கிடைக்கிற பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவர் அடிவரைக்கும் போய் இருக்காது, அதாலதான் எல்லா பழைய ஹொண்டாவிலயும் எஞ்சின் கவர் ஸ்குரூ தலை வழிச்சுப் போயிருக்கும். ஒரு ஜேஐஎஸ் டிரைவரும், சுத்தியலால அடிச்சு திருப்புற இம்பாக்ட் டிரைவரும் வாங்குங்க, இந்த ரெண்டும்தான் உங்கட முதல் செலவா இருக்கோணும். மற்றபடி 8, 10, 12, 14, 17, 19 சொக்கட், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்), ஒரு மல்டிமீட்டர், டோர்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கிறம் எண்டு காட்டுற சாவி). டோர்க் ரெஞ்ச் விலை எண்டா கூட்டாளிமார் சேந்து ஒண்டு வாங்குங்க, அலுமினியம் எஞ்சின்ல 6 மிமீ போல்ட்டுக்கு சும்மா 10 நியூட்டன் மீட்டர்தான் தேவை, கை பலத்துக்கு இறுக்கினா நூல் கழண்டு வெளிய வந்துடும்.

இறுகின போல்டுக்கு ஒட்டோ கியர் ஒயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து விட்டு ஒரு இரவு விடுங்க, அசையாட்டி சூடு குடுங்க, அதுக்கும் அசையாட்டித்தான் பலம். சூடு குடுக்க முதல் அந்தக் கலவைய நல்லாத் துடைச்சுடுங்க, அசிட்டோன் சட்டெண்டு பத்தும்.

முதல் வேலை: ஓட வைக்கிறது

பெற்றோல், நெருப்பு, கம்ப்ரசன், இந்த மூண்டும் சரியான நேரத்துல வந்தா எந்த எஞ்சினும் ஓடும். பிளக்க கழட்டி சிலிண்டர் ஹெட்டுல அமத்திப் பிடிச்சு கிக் பண்ணுங்க, நீல நெருப்பு டக் டக் எண்டு பாயோணும். மஞ்சளா மெலிசா வந்தா பொயிண்ட் (பிளக்குக்கு நெருப்பு போற நேரத்த திறந்து மூடுற சின்ன சுவிச்சு) ஊத்தையாயிருக்கும். மெக்னட் கவர கழட்டி பொயிண்ட் முகத்த மெல்லிய சான்ட்பேப்பரால துடைச்சு, பிறகு பெற்றோல்ல நனைச்ச கடதாசிய இடையில விட்டு இழுங்க, கறுப்பு வராம விடுற மட்டும். இடைவெளி 0.3 இல இருந்து 0.4 மிமீ. ரோட்டர்ல எஃப் எண்ட கோடு கேசிங் குறிக்கு நேர வரேக்க பொயிண்ட் திறக்கத் தொடங்கோணும், அத கண்ணால பாக்கிறத விட மல்டிமீட்டர்ல பாக்கிறது சுகம். அதே இடத்துல டி கோட்ட கம்ப்ரசன் ஸ்ட்ரோக்ல நேர்ப்படுத்தி வால்வ் இடைவெளியயும் பாத்துடுங்க, எஞ்சின் குளிரா இருக்கேக்க ரெண்டு வால்வுக்கும் 0.08 மிமீ.

கார்பரேட்டர்லதான் பொறுமை வேணும். கன நாள் நிண்ட பைக்குல பெற்றோல் வத்தி, அடிச் சட்டியில பச்சை வார்னிஷ் மாதிரி ஒட்டிக் கிடக்கும், மணத்துலயே தெரியும். மெயின் ஜெட்ட ஊதினா காத்து போகும், அதால எல்லாம் சுத்தம் எண்டு நினைச்சுடாதீங்க, பிரச்சினை எப்பவும் பக்கத்துல இருக்கிற பைலட் ஜெட்லதான். அதுட ஓட்டை அவ்வளவு சின்னது. வெளிச்சத்துக்கு நேர பிடிச்சா ஒரு புள்ளி வெளிச்சம் வட்டமா தெரியோணும், அரைவட்டமா தெரிஞ்சா அடைப்பு இருக்கு. இரும்புக் கம்பி, ஊசி ஒண்டும் விடாதீங்க, பித்தளை, ஓட்டை பெருசாகினா பிறகு ஐடில் நிக்கவே நிக்காது. கிளீனர்ல ஊறவிட்டு, மீன்பிடிச் சாமான் கடையில கிடைக்கிற ஆக மெல்லிய தங்கூஸ் நரம்புத் துண்டால குத்தி எடுங்க, அது பித்தளைய கீறாது. திருகோணமலையில அது எந்த மூலையிலயும் கிடைக்கும். பாடிக்குள்ள இருக்கிற சின்ன ஓட்டைகளுக்கும் கார்ப் கிளீனர ஒரு பக்கத்தால அடிச்சு மற்றப் பக்கத்தால வருதா எண்டு ஒவ்வொண்டா பாருங்க, கண்ணாடி போட்டுட்டுச் செய்யுங்க, திரும்பி கண்ணுக்குள்ள பாயும்.

ஓடத் தொடங்கினா லைட், பிரேக் சரி பண்ணி, கொஞ்ச நாள் ஸ்டாக்காவே ஓடுங்க. எந்த கியர் பாயுது, கிளச் வழுக்குதா, எங்க ஒயில் கசியுது, எல்லாத்தயும் ஒரு கொப்பியில எழுதுங்க. பிரிக்கேக்க அந்தக் கொப்பிதான் உங்கட வேலைப் பட்டியல்.

பொருத்திப் பாக்கிறது

இப்பதான் வடிவத்துக்கு வாறம். பைக்க சமநிலத்துல நேர நிப்பாட்டி, தள்ளி நிண்டு, சில்லு மட்டத்துக்கு குனிஞ்சு பக்கவாட்டா ஒரு போட்டோ எடுங்க, அத பெரிசா பிரின்ட் எடுத்து மேல டேங்க், சீட், ஹாண்டில கீறிப் பாருங்க. டேங்க்குட அடி விளிம்பும் சீட்டுட அடி விளிம்பும் ஒரே நேர்கோட்டுல வந்தாலே பாதி வடிவு வந்துட்டு. சிஜி ஃபிரேம் சீட்டுக்குக் கீழ வளைஞ்சு மேல ஏறும், அதுதான் அந்தக் கோட்ட உடைக்கிறது, அதாலதான் ஆக்கள் பின்பக்கத்த வெட்டி லூப் (பின்முனைய இணைக்கிற வளைஞ்ச குழாய்) வைக்கிறது.

வெட்டுறதெண்டா பின் ஷொக் பூட்டுற இடத்துக்குப் பின்னால மட்டும். ஹாண்டில் தலை, சுவிங் ஆர்ம் இடம், ஷொக் மவுன்ட், இந்த மூண்டையும் யார் சொன்னாலும் தொடாதீங்க, சேசி நம்பர் இருக்கிற இடத்த கிரைண்டரால கிட்டக் கூட போகாதீங்க. லூப்புக்கு ஃபிரேம் குழாய்ட அதே வெளி விட்டத்துல, 2 மிமீ சுவர் இருக்கிற குழாய எடுத்து வளைச்சு, இணைக்கிற இடத்துல உள்ளுக்கு ஒரு துண்டுக் குழாய் இறுக்கமா விட்டு, அதோட சேத்து வெல்டிங் அடிக்கோணும். முகத்துக்கு முகம் வச்சு மட்டும் ஒட்டினா பின்னால ஆள் ஏறின அண்டைக்கு வெடிக்கும். ஆர்க் அடிக்கத் தெரிஞ்சவர் எங்கட ஊருல தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார், ஆனா ஃபிரேமுக்கு மிக் அல்லது டிக் வெல்டிங் மெசின் இருக்கிற இடத்துக்குத்தான் கொண்டு போங்க, போட் வேலை செய்யிற ஆக்கள்ட்ட விசாரிச்சா கிடைக்கும். வெல்டிங் அடிக்க முதல் பெட்டரிய கழட்டுங்க, டேங்க்க வேற இடத்துல வையுங்க.

சீட்டுக்கு 3 மிமீ தகட்டுல அடித்தளம் வெட்டி, ஃபோம வச்சு இருந்து பாத்து, பிறகு ஆட்டோவுக்கு குஷன் அடிக்கிறவர்ட்ட குடுங்க, அந்த ஆக்கள்ட கை சுத்தம், தையலும் நேரா வரும். சீட் வச்சதும் பின் ஷொக் ஸ்ப்ரிங் ரெண்டயும் கழட்டிட்டு பைக்க முழுசா கீழ அமத்திப் பாருங்க, டயர் சீட் அடியிலயோ மட்காட்லயோ முட்டுதா எண்டு. இது எல்லாரும் விடுற சோதனை, ஆனா இத விட்டா முதல் பள்ளத்துலயே டயர் சீட்ட தின்னும். மட்காட்ட முழுசா கழட்டுறது எனக்குப் பிடிக்கிறேல்ல. ஐப்பசி கார்த்திகையில நிலாவெளி ரோட்டுல ஒருக்கா போய்ட்டு வந்தா முதுகு முழுக்க சேறு, அதோட அந்தத் தண்ணியெல்லாம் கார்பரேட்டர் வாய்க்குத்தான் போகும். சின்னதா வெட்டி வையுங்க, ஆனா வையுங்க.

ஹாண்டில இடது வலது முழுசா திருப்பிப் பாருங்க, டேங்க்குல முட்டக் கூடாது, எந்த கேபிளும் இழுபடக் கூடாது. ஆக்சிலேட்டர் கேபிள் கட்டையா இருந்தா திருப்பத்துல தானா ஸ்பீட் ஏறும், அது உயிரோட விளையாட்டு. சிக்னல், ஹோர்ன், கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாத்துக்கும் பிராக்கட் இப்பவே ஒட்டுங்க, எல்லா ஓட்டையயும் இப்பவே போடுங்க. பெயின்டுக்குப் பிறகு ஒரு துளை கூட போடக் கூடாது, எங்கட காத்துக்கு அந்த ஒரு துளை போதும் கறள் உள்ள போக.

கழட்டுறது

ஒவ்வொரு பாகத்தயும் கழட்ட முதல் போனுல போட்டோ, கழட்டினதும் போல்ட்ட அதுட ஓட்டையிலயே திரும்ப மாட்டி விடுறது, ஏலாட்டி யோகட் கப்புல போட்டு பேர் எழுதுறது. ஹாண்டில் தலைக்குள்ள குண்டுகள் தனித்தனியா இருக்கும், கீழ துணி விரிச்சுட்டு மெதுவா இறக்குங்க, மேல எத்தினை கீழ எத்தினை எண்டு எண்ணி எழுதுங்க. பிரேக் டிரம்முக்குள்ள இருக்கிற தூள ஊதாதீங்க, பழைய ஷூவுல அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கும், தண்ணி போட்டு நனைச்சு துணியால துடைச்சு எறியுங்க.

எஞ்சின்

சிலிண்டர கழட்டினதும் மேல விளிம்புல நகத்தால தடவிப் பாருங்க, படி மாதிரி தட்டினா போர் அடிக்கோணும், அதாவது லேத்துல சிலிண்டர கொஞ்சம் பெருப்பிச்சு பெரிய பிஸ்டன் போடோணும். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 எண்டு வரும். இங்கதான் ஒரு ஒழுங்கு முக்கியம். கிண்ணியாவில நான் போற லேத் கடை நானாட்ட சிலிண்டர மட்டும் தூக்கிட்டு யார் போனாலும் அவர் கையில கூட வாங்கமாட்டார், "தம்பி, பிஸ்டன் எங்க? அதக் கொண்டு வாங்க, அத அளந்துதான் போர் அடிப்பன்" எண்டுதான் சொல்லுவார். அவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. பெட்டியில 0.50 எண்டு போட்டிருந்தாலும் கம்பனிக்குக் கம்பனி பிஸ்டன் அளவு மயிரளவு மாறும், அந்த மயிரளவுலதான் எஞ்சின் பிடிக்கிறதும் புகைக்கிறதும் இருக்கு. போர் அடிச்ச சிலிண்டர சவர்க்காரமும் சுடுதண்ணியும் போட்டு பிரஷால தேச்சுக் கழுவுங்க, வெள்ளைத் துணியால துடைச்சா துணி வெள்ளையாவே வரோணும், மண்ணெண்ணெய் மட்டும் போட்டா அந்த அரத்தூள் போகாது. கழுவின உடன ஒயில் பூசுங்க, இல்லாட்டி கண் முன்னாலயே சிவக்கும்.

ரிங்க பிஸ்டன்ல போட முதல் சிலிண்டருக்குள்ள விட்டு வாய் இடைவெளிய ஃபீலரால பாருங்க. எழுத்து இருக்கிற பக்கம் மேல, மூண்டு ரிங் வாயும் 120 பாகை தள்ளித் தள்ளி. பிஸ்டன் பின் கிளிப் போடேக்க கீழ கேஸ் வாய துணியால அடைச்சுட்டுப் போடுங்க, பழைய கிளிப்ப திரும்பப் பாவிக்காதீங்க, எப்பவும் புதுசு.

வால்வுக்கு கிரைண்டிங் பேஸ்ட் போட்டு உருட்டி, சாம்பல் நிற வளையம் ஒண்டு ஒடையாம சுத்தி வரும் மட்டும் தேயுங்க. பிறகு ஸ்ப்ரிங் போட்டு, போர்ட்டுக்குள்ள பெற்றோல் ஊத்தி வையுங்க, மற்றப் பக்கம் ஈரம் வராட்டி சரி. சிலிண்டர கழட்டினா ஒயில் சீல் எல்லாத்தயும் ஒரேயடியா மாத்திடுங்க, மலிவு.

வலது கவருக்குள்ள கிராங்க் முனையில வட்டமா ஒரு மூடி இருக்கும், அதுதான் சுழண்டு சுழண்டு ஊத்தைய ஒதுக்கிற ஒயில் ஃபில்டர். அத யாரும் திறக்கிறேல்ல. திறந்தா உள்ள சுவர்ல கறுப்புக் களி மாதிரி விரல் கனத்துக்கு ஒட்டியிருக்கும், சுரண்டி எடுங்க, கீழ வலைய கழுவுங்க. பழைய சிஜி எஞ்சின் சாகிறதுக்கு முக்கிய காரணங்கள்ல இது ஒண்டு.

ஒயிலுக்கு டின்னுல ஜாசோ எம்ஏ எண்டு போட்டிருக்கிற பைக் ஒயில்தான். கன கார் ஒயில்கள்ல வழுக்கிற மருந்து இருக்கும், சிஜி கிளச் ஒயிலுக்குள்ளயே ஓடுறது, அதால கிளச் வழுக்கும்.

கறளும் பெயின்டும்

ஃபிரேம மணல் அடிக்கக் குடுக்கிறதெண்டா பெயின்ட் அடிக்கிற அதே நாளுக்குத்தான் குடுக்கோணும். உப்புவெளிப் பக்கம் காலையில மணல் அடிச்சு வெள்ளி மாதிரி வந்த இரும்ப முத்தத்துல வச்சிருங்க, மத்தியானம் பாத்தா தேத்தண்ணி தெளிச்ச மாதிரி மெல்லிய மஞ்சள் புள்ளி வந்திருக்கும், வெறும் கையால தொட்ட இடத்துல விரல் அடையாளமே கறளா நிக்கும். கையுறை போடுங்க, தின்னர்ல துடையுங்க, உடன எப்பொக்சி பிரைமர் அடியுங்க. கையால சுரண்டினா மூலை முடுக்குக்கு பொஸ்போரிக் அசிட் இருக்கிற கறள் மருந்து பூசி, கறுத்ததும் கழுவிக் காயவிட்டு, பிறகு பிரைமர்.

பவுடர் கோட்டிங்தான் பலம் எண்டு கனபேர் சொல்லுவாங்க. பலம்தான், ஆனா கல்லடிச்சு ஒரு இடம் வெடிச்சா உப்பு அதுக்குக் கீழால ஊர்ந்து போய், மேல பளபளப்பு இருக்கேக்கயே உள்ள இரும்ப தின்னும், உங்களுக்குத் தெரியவே வராது. எப்பொக்சி பிரைமருக்கு மேல டூகே பெயின்ட் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது) எண்டா வெடிச்ச இடம் உடன தெரியும், ஒரு சின்ன பிரஷால நீங்களே மூடலாம். கடல் ஊருக்கு என்ட தெரிவு அதுதான். டூகே ஹார்ட்னர்ல இருக்கிற ஐசோசயனேட் நுரையீரல கெடுக்கும், துணி மாஸ்க் சரிவராது, கார்பன் ஃபில்டர் மாஸ்க்கயும் நம்ப ஏலாது, சுத்தமான காத்து குழாயால வாற மாஸ்க் போட்டு காத்தோட்டமான இடத்துல அடியுங்க, பிள்ளைகள கிட்ட விடாதீங்க.

எப்ப அடிக்கிறது எண்டதும் முக்கியம். மார்கழி தை மாரிக்குள்ள ஈரக்காத்துல பெயின்ட் வெளிறி பால் நிறத்துல படியும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) தொடங்கினா புழுதி முழுக்க டேங்க்கு மேல வந்து குந்தும். மாசி கடைசியில இருந்து சித்திரைக்குள்ள, பனி ஈரம் காஞ்சதுக்குப் பிறகு, காத்து எழும்ப முதல், ஒரு எட்டு ஒம்பது மணி போல அடிக்கிறதுதான் ஆகத் திறம்.

டேங்க் உள்கறளுக்கு சிட்ரிக் அசிட் கரைச்சு நிரப்பி ஒரு இரவு விட்டு, ஊத்தி, அப்பச்சோடாத் தண்ணியால கழுவி, உடன சூடான காத்தால காய வச்சு, கொஞ்சம் ஒயில் கலந்த பெற்றோல் ஊத்திக் குலுக்கி வையுங்க. காயாம விட்டா அண்டைக்கே திரும்பக் கறள். டேங்க்ல ஓட்டை இருந்தா வெல்டிங்க நீங்களா செய்யாதீங்க. கன மாசமா காலியா இருந்த டேங்க்குக்குள்ளயும் பெற்றோல் ஆவி நிக்கும், அது குண்டுதான்.

போல்ட் எல்லாத்துக்கும் ஸ்டெயின்லஸ் போடலாம், போட் எஞ்சின் சாமான் கடைகள்ல 316 கிடைக்கும், ஆனா அலுமினியம் கேசிங்குல சும்மா போட்டா உப்புத் தண்ணி பட்டு ரெண்டும் ஒண்டோடொண்டு பிடிச்சுக்கொள்ளும், ஒவ்வொரு நூலுக்கும் கொப்பர் இல்லாத அன்டி-சீஸ் (நூல் பிடிக்காம தடுக்கிற) கிரீஸ் தடவுங்க. அக்சில், பிரேக் ஆர்ம், ஷொக் போல்ட்டுக்கு ஒரிஜினல் ஸ்டீல் போல்ட்தான், அலங்காரத்துக்கு அத மாத்தாதீங்க.

வயரிங்

பழைய வயர்ல ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டாதீங்க, புதுசா இழுங்க. மெயினுக்கு 1.25, லைட்டுக்கு 0.75 சதுர மிமீ வயர் காணும். பெட்டரியில இருந்து வந்த உடன ஒரு ஃபியூஸ். இணைப்புகள முறுக்கி டேப் சுத்துறதெல்லாம் இங்க ஒரு வருசம் நிக்காது, டேப்புக்குள்ள உப்பு ஈரம் போய் கொப்பர் பச்சையா மாறும், கிரிம்ப் அடிச்சு ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுக்குச் சுருங்கிற குழாய்) போடுங்க. எர்த் வயர் பூட்டுற இடத்துல பெயின்ட சுரண்டி, பூட்டி, மேல கிரீஸ் பூசுங்க. பழைய கஸ்டம் பைக்குல வாற மின்சாரக் கோளாறு அரைவாசிக்கு மேல எர்த்தாலதான். 6 வோல்ட் பைக்க 12 ஆக்கிறதெண்டா பல்ப் மட்டும் மாத்தி முடியாது, ஸ்டேட்டர் கொயில், ரெகுலேட்டர் ரெக்டிஃபயர், பெட்டரி, ஹோர்ன் எல்லாம் சேத்து மாத்தோணும், சீனா சிஜி செட் ஒண்டு முழுசா எடுத்தா சுகமா முடியும்.

பூட்டுறதும் முதல் ஓட்டமும்

ஃபிரேமுக்கு பெரிங், சுவிங் ஆர்ம், ஃபோர்க், சில்லு போட்டு நிப்பாட்டிட்டு பிறகுதான் எஞ்சின். பெயின்ட் கீறாம இருக்க கீழ்க்குழாய்களுக்கு பழைய ரியூப் வெட்டிச் சுத்துங்க. றிம் ஆட்டம் பாக்க ஃபோர்க்ல ஒரு சிப் டை கட்டி முனைய றிம்முக்குக் கிட்ட விட்டுச் சுத்துங்க, 2 மிமீக்குள்ள வரோணும். செயின் நடுவுல மேல கீழ 20 இல இருந்து 30 மிமீ ஆட்டம், ஆள் ஏறி இருந்தும் ஒருக்கா பாருங்க, புது ஷொக் நீளம் வேறயா இருந்தா அது மாறும்.

ஸ்டார்ட் பண்ண முதல் பிளக்க கழட்டி வச்சுட்டு கொஞ்ச நேரம் கிக் பண்ணுங்க, ஒயில் மேல ஏறட்டும், வால்வ் கவர கழட்டி ரொக்கர் நனைஞ்சிருக்கா எண்டு பாத்துட்டு மூடுங்க. நெருப்புப் பத்தினா அணைக்க பக்கத்துல ஒரு வாளி மணல். ஓடினா கொஞ்ச நிமிசம், பிறகு நிப்பாட்டி முழுசா ஆற விடுங்க, ஆறினதும் ஹெட் நட்ட குறுக்கும் நெடுக்குமா டோர்க் பாருங்க. முதல் 500 கிமீக்கு ஒரே ஸ்பீட்ல ஓடாம ஏத்தி இறக்கி ஓடுங்க, ஐடில்ல நிப்பாட்டி வச்சு சூடாக்கிறத விட அதுதான் ரிங் படியிறதுக்கு நல்லது. விடிய வெள்ளன ஆறாம் கட்டை தாண்டி நிலாவெளிப் பக்கம் ரோட் நேரா, ட்ராஃபிக்கும் குறைவு, அதுக்கு நல்ல இடம். முதல் ஒயில நூறு கிமீயிலயே ஊத்திடுங்க, வெளிச்சத்துல பாத்தா மினுமினுக்கும், அது புது ரிங் தேஞ்ச தூள். பிளக் மண்ணிறமா வந்தா கார்பரேட்டர் சரி, வெள்ளையா வந்தா பெற்றோல் காணாது, எஞ்சின் பிடிக்க முதல் ஒரு அளவு பெரிய ஜெட் போடுங்க. ஏர் ஃபில்டர் பெட்டிய எடுத்துட்டு கூம்பு ஃபில்டர் போட்ட எல்லாருக்கும் இது கட்டாயம் வரும்.

நிறம் மாத்தினா, எஞ்சின் மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல புக்குல அத பதிஞ்சுடுங்க, இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லுங்க. புகைச் சோதனைக்கு முதல் கார்பரேட்டர் சரியா இருந்தா போதும், இந்த எஞ்சினுக்கு அது கஷ்டமில்ல.

பிறகு பராமரிப்பு. கடற்கரைப் பக்கம் போய்ட்டு வந்த அண்டைக்கே நல்ல தண்ணியால கழுவுங்க, பிரஷர் வேணாம், சும்மா ஹோஸ் காணும், செயினுக்கு ஒயில், ஸ்போக்குக்கும் நிப்பிளுக்கும் ஒயில் துணியால ஒரு துடை. பொலித்தீன் உறை போடாதீங்க, உள்ள வேர்த்து இன்னும் கெடும், துணி உறை போட்டு காத்து வாற இடத்துல விடுங்க. மாரிக்கு பைக்க ஓடாம வைக்கிறதெண்டா கார்பரேட்டர் அடி ஸ்குரூவ தளத்தி பெற்றோல வடியவிட்டு, டேங்க்க கழுத்து மட்டும் நிரப்பி, பெட்டரிய கழட்டி வீட்டுக்குள்ள எடுங்க. டேங்க் அரைவாசியா இருந்தா மேல் பாதியில ஈரம் படிஞ்சு கறள் திரும்பத் தொடங்கும்.